வன்னிக் குளத்து வண்டலுக்கு வயது பார்க்க எதை அனுப்பலாம்?

இலங்கையின் வடக்கில், வன்னியில், ஓமந்தைப் பக்கமோ மல்லாவிப் பக்கமோ, கட்டு உடைந்து காடேறிக் கிடக்கும் ஒரு சின்னக் குளத்தை எடுத்துக்கொள்வோம். கோடையில் தண்ணீர் வற்றியதும் நடுக்குளத்தில் இரண்டு மீற்றர் குழாயை இறக்கி, மண்ணைக் குலையாமல் எடுத்தாயிற்று. அடியில் குளம் கட்டுவதற்கு முந்திய செம்மண், அதன் மேல் சாம்பல் நிறக் களி. இந்தக் குளம் எப்போது தண்ணீர் பிடிக்கத் தொடங்கியது, எப்போது கைவிடப்பட்டது என்று தெரியவேண்டும். ஆனால் பணம் நாலைந்து அளவீடுகளுக்கு மேல் தாங்காது. ஒரு காபன்-14 அளவீட்டுக்குச் சில நூறு டொலர் போகும், மாதிரியும் டெல்லிக்கோ அமெரிக்காவுக்கோ கடல் கடந்து போகவேண்டும். எதை அனுப்புவது? மொத்த மண்ணையா, கரித்துண்டையா, நத்தை ஓட்டையா, விதையையா? இல்லை, காபனையே விட்டுவிட்டு மணலின் ஒளிர்வை அளப்பிப்பதா?

இந்தக் கேள்விக்கு வழிகாட்டும் கட்டுரைகளில் பெரும்பாலானவை பாலைநில ஏரிகளைப் பற்றியவை. திபெத், ராஜஸ்தான், மத்திய ஆசியா. அவற்றைப் படித்துவிட்டு அதே அறிவுரையை வன்னிக்கு அப்படியே கொண்டுவருவது சரிவராது என்பது என் எண்ணம். அங்கே வயதைக் கெடுப்பது தண்ணீர். இங்கே கெடுப்பது பெரும்பாலும் மண்.

காபன்-14 முறையின் கணக்கு எளியது. செடியோ விலங்கோ உயிரோடு இருக்கும்வரை காபன் வந்துகொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும், உள்ளே இருக்கும் காபன்-14 தேயத் தொடங்கும். 5730 ஆண்டில் பாதியாகும். ஏறத்தாழ 50,000 ஆண்டுக்குப் பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சாது. வில்லார்ட் லிபி 1940களின் கடைசியில் இதை உருவாக்கி, 1960இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கினார். எல்லாம் ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது: அந்த உயிர் தன் காபனைக் காற்றிலிருந்து எடுத்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி வாழும் பாசியும் நத்தையும் தண்ணீரில் கரைந்த காபனை எடுக்கின்றன. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வந்ததென்றால், அதில் காபன்-14 துளியும் இல்லாத, பல இலட்சம் ஆண்டுப் பழைய காபன் கலந்திருக்கும். இப்படிச் ‘செத்த’ காபன் 5 வீதம் கலந்தால் வயது ஏறக்குறைய 400 ஆண்டு கூடும். 10 வீதமென்றால் 850, 20 வீதமென்றால் 1800.

வறள்நில ஏரிகளில் இது பெரும் சிக்கல். வெளியேற வழியில்லாத ஏரியில் தண்ணீர் ஆவியாகிப் போக, கரைந்த காபனேற்று (சுண்ணாம்பில் உள்ள காபன் சேர்மம்) மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். காற்றோடு கலந்து புதுப்பிக்க அதற்கு வெகுகாலம் பிடிக்கும். சீனாவின் சிங்ஹாய் ஏரியில் இந்தப் பிழை ஆயிரம் ஆண்டுக்கு மேல் போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்கிட்ட வழியைப் பொறுத்துத் தொகையும் மாறுகிறது. வயது பிழைத்தால் வரலாறும் பிழைக்கும் என்பதற்கு ராஜஸ்தானின் லூண்கரன்சர் ஏரியைப் பார்க்கலாம். மழை குறைந்ததால்தான் ஹரப்பா நகரங்கள் அழிந்தன என்றொரு விளக்கம் 1970களிலிருந்து செல்வாக்கோடு இருந்தது. ராஜஸ்தான் ஏரிகளின் மகரந்தச் சான்றுதான் அதற்கு அடிப்படை. 1999இல் லூண்கரன்சரின் படிவுகளை நெருக்கமாக வயது பார்த்தபோது, அந்த ஏரி ஏறத்தாழ 5500 ஆண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்டது என்று வந்தது. நகரங்கள் தழைத்ததோ அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து.

சரி, வன்னிக்கு வருவோம். நம்முடைய சிறுகுளங்கள் அடைபட்ட ஏரிகள் இல்லை. மாரியில் நிரம்பி வான் பாயும், துருசு (மதகு) வழியாகச் சிறுபோகத்துக்கு இறங்கும், ஆவணிக்குள் அடி தெரியும். தண்ணீர் ஒரு வருடம்கூடத் தங்குவதில்லை. ஆழமும் குறைவு, காற்று நன்றாகக் கலக்கும். ஆகவே பழைய காபன் சேர்ந்து தேங்கும் வாய்ப்பு சிங்ஹாய் போன்ற ஏரியைவிட மிகக் குறைவு. அடிப்பாறையையும் பார்க்கவேண்டும். வவுனியாப் பக்கம் பழைய பளிங்குருப் பாறை, அதில் சுண்ணாம்பு அரிது. யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணாம்புக்கல் பூநகரி, மன்னார்க் கரை வழியாகப் புத்தளம் பக்கம்வரை போகிறது. கட்டுக்கரைக்குளம், முருங்கன் சுற்றாடலில் களிமண்ணுக்குள்ளேயே சுண்ணாம்புக் கட்டிகள் கிடக்கும். ஒரே வன்னிக்குள் இரண்டு நிலம்.

இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. காய்ந்த வண்டலில் ஒரு கட்டியை உடைத்து, ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடவேண்டும். சீறிக்கொண்டு நுரைத்தால் காபனேற்று இருக்கிறது, நீருயிர்களின் வயதை நம்பமுடியாது. ஈரமாகி உறிஞ்சிக்கொண்டு பேசாமல் இருந்தால், இந்தக் கவலையைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். முழுக்க விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பாறையில் சுண்ணாம்பு இல்லாத இடத்திலும் நிலத்தடி நீர் வேறு வழியில் பழைய காபனைக் கொண்டுவரக்கூடும்.

இனி ஒவ்வொன்றாக.

மொத்த மண் ஆக வசதியானது. தேட வேண்டாம், பொறுக்க வேண்டாம், எந்தப் படையிலும் (மண் அடுக்கிலும்) கிடைக்கும். பழைய காலத்து எண்ணும் கருவிகளுக்குக் கிராம் கணக்கில் காபன் வேண்டியிருந்தது. ஆகவே முந்திய தலைமுறையின் ஏரி வயதுகள் பலவும் மொத்த மண்ணில் பார்த்தவை. காபன்-14 அணுக்களை நேரே எண்ணும் இன்றைய ஏ.எம்.எஸ். முறைக்கு ஒரு மில்லிகிராம் காபனே போதும், அதனால் அந்தக் கட்டாயம் போய்விட்டது. வன்னிக் குளத்துக்கு நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். குளத்துக்குள் வரும் களி நீரேந்து பகுதியின் மேல்மண். அந்த மண்ணில் ஊறியிருக்கும் சேதனப் பொருளுக்கே (உக்கிய செடி, உயிர்களின் மிச்சத்துக்கே) சில நூறு ஆண்டு வயது இருக்கும், அதனால் நேற்றுப் படிந்த வண்டலும் பழசாகத் தெரியும். இதற்கு நேர்மாறாக, கோடையில் குளத்தடியில் புல் முளைத்து வேர் கீழே இறங்கும், அது வயதைக் குறைக்கும். ஒன்று கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது. இரண்டும் ஈடாகிச் சரியாக வருமென்று நம்புவது லொத்தர் சீட்டு எடுப்பதற்குச் சமம். அதுவும் நம் வண்டலில் சேதனப் பொருள் கொஞ்சந்தான். சிறு கலப்படமும் முழுக் கணக்கையும் சாய்த்துவிடும்.

ஒன்றின் நீர் அடுத்ததுக்கு இறங்கும் குளத்தொடரையும் மறக்கக் கூடாது. மேல்குளம் உடைப்பெடுத்தால், அதன் அடியில் நூற்றாண்டுகளாகக் கிடந்த வண்டல் ஒரே இரவில் கீழ்க்குளத்தில் வந்து படியும். பாலைநில ஏரிகளில் இப்படி நடப்பதை நான் படித்ததில்லை. இங்கே அது ஊர்ப் பேச்சு.

நத்தை ஓடு கண்ணுக்கு அழகானது, களியிலிருந்து முழுசாக வரும், எடுத்துக் கழுவினால் வெள்ளைவெளேரென்று இருக்கும். அதனாலேயே ஆபத்தானது. குளத்து நத்தை தன் ஓட்டைத் தண்ணீரில் கரைந்த காபனிலிருந்து கட்டுகிறது. முருங்கன் பக்கத்தில் இது நேரே பழைய சுண்ணாம்பை வயது பார்ப்பது போலாகிவிடலாம். போதாததற்கு, நம்முடைய பெரிய குளத்து நத்தை கோடையில் ஈரத்தைத் தேடிச் சேற்றுக்குள் புதைந்து உறங்கும். அந்த உறக்கத்திலேயே செத்தால், ஓடு கிடப்பது அது வாழ்ந்த காலத்துக்கு முந்திய படையில். அதாவது வேதியியல் வயதைக் கூட்டும், நத்தையின் பழக்கம் வயதைக் குறைக்கும். தனியாக அனுப்பவே வேண்டாம். அதே படையில் கிடைத்த கரியோடோ விதையோடோ சோடியாக அனுப்பினால் மட்டும் பயன் உண்டு: இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்தக் குளத்துத் தண்ணீரின் பிழை எவ்வளவு என்பதைச் சொல்லும்.

அந்தப் பிழையை மலிவாக அறிய இன்னொரு வழியும் சொல்வார்கள். இன்றைக்குக் குளத்தில் மூழ்கி வளரும் பாசியையும், கட்டில் நிற்கும் மருதமர இலையையும் ஒரே நாளில் பிடுங்கி, இரண்டையும் அளப்பிப்பது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றின் காபன்-14ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. 1963 வாக்கில் உச்சம், பிறகு இறங்கி இப்போது பழைய மட்டத்துக்கே வந்துவிட்டது. ஒரே நாளில் எடுத்ததை ஒப்பிடுவதால் அது பெரிதாகக் குழப்பாது. ஆனால் நீர் நிறைந்த ஆண்டின் பிழையும் வரட்சி ஆண்டின் பிழையும் ஒன்றாக இருக்காது. 2000 ஆண்டுக்கு முந்திய படைக்கு இன்றைய தொகையைக் கழிப்பது துணிச்சல்தான்.

அடுத்தது கரி. வன்னியில் சேனைக்குக் காடு எரிப்பது பழைய வழக்கம், ஆகவே கிட்டத்தட்ட எந்தக் குளத்திலும் கரி இருக்கும். களியை நீரில் கரைத்து நுண் அரிதட்டில் விட்டால், கடுகளவு கறுப்புத் துணுக்குகள் தங்கும். உருப்பெருக்கியில் மரத்தின் இழை தெரிந்தால் கரி, நகத்தால் அழுத்த வளைந்தால் இக்கால வேர். இந்தப் பொறுக்கலைச் சோம்பலில்லாமல் செய்பவருக்கே நல்ல வயது கிடைக்கும். கரியின் காபன் காற்றிலிருந்து வந்தது, தண்ணீர்ப் பிழை இல்லை. அமிலமும் காரமும் விட்டுக் கழுவினாலும் தாங்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பாலையும் வீரையும் கருங்காலியும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் மரங்கள். 200 ஆண்டு நின்ற பாலையின் நடுவைரம், மரம் எரிந்த அன்றே 200 வயதானது. எரிந்த கரி உடனே குளத்துக்கு வருவதும் இல்லை, காட்டு மண்ணில் கிடந்து எத்தனையோ மாரி கழித்து அடித்துவரப்படலாம். ஆகவே கரியின் வயது படையின் வயதுக்கு ஓர் எல்லை மட்டுமே: கரி குலையாமல் கிடந்தால், இந்தப் படை இதைவிடப் பழையதாக இருக்க முடியாது. ஒரே படையில் மூன்று துண்டு அனுப்பினால், ஆக இளையதே உண்மைக்கு ஆகக் கிட்ட நிற்கும். தடித்த துண்டை விட்டுச் சுள்ளிக்கரியை, முடிந்தால் பட்டையோடு இருப்பதை எடுப்பது நல்லது. கோடையில் களி வெடித்த பிளவுக்குள் மேலிருந்து விழுந்ததையும் பார்த்து ஒதுக்கவேண்டும். குழாயின் வெட்டுமுகத்தில் அப்படிப்பட்ட பிளவு மேல்படையின் நிறத்தில் கீழ்நோக்கி இறங்கும் நாக்கு மாதிரித் தெரியும்.

விதைதான் அரசன். பாலைப்பழ விதை, கோரை விதை, கருகிய நெல், எரிந்த உமி: எல்லாமே ஒரே ஆண்டின் காபன். கருகிய நெல்லுக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. மேலே வயல் இருந்தது, மனிதர் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. நீர்ச்செடி விதைகளில் கவனம் வேண்டும். நீருக்குள் மூழ்கி வளரும் செடியின் விதை தண்ணீர்ப் பிழையைச் சுமக்கும். தாமரை காற்றில் இலை விரிப்பதால் ஓரளவு நல்லது. சீனாவில் பழைய ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்த தாமரை விதை ஏறத்தாழ 1300 ஆண்டுக்குப் பிறகு முளைத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த வயதைச் சொன்னதும் காபன்-14தான். ஆனாலும் அவ்வளவு கெட்டியான விதை ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்குச் சேதமில்லாமல் புரண்டு போகவும் கூடும்.

பிரச்சினை, விதை கிடைப்பதில்லை. ஆண்டுதோறும் காய்ந்து ஒட்சிசன் படும் களியில் கருகாத விதை உக்கிப்போகும். கைப்பிடியளவு விட்டமுள்ள குழாயில் கருகிய நெல் அகப்படுவது அதிர்ஷ்டம். ஆகவே விதை வேண்டுமென்றால் குழாயை நம்பாமல், கோடையில் குளத்தடியில் குழி வெட்டி, படை படையாக வாளிக் கணக்கில் மண் எடுத்து நீரில் மிதக்கவிட்டு அரிக்க வேண்டும். உடல் உழைப்பு கூட, டொலர் செலவு இல்லை. கிராமத்தில் ஆள்பலம் உள்ளவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். சம்பந்தப்பட்ட திணைக்களங்களின் அனுமதி எடுத்துவிட்டு.

ஒளிர்வு முறை வேறு சாதி. குவாட்ஸ் மணல் வெயிலில் பட்டபோது அதன் கடிகாரம் சுழியத்துக்குப் போகும். புதைந்தபின் சுற்றுமண்ணின் இயற்கைக் கதிர்வீச்சைச் சேமிக்கத் தொடங்கும். ஆய்வுகூடத்தில் ஒளியால் தூண்டி அந்தச் சேமிப்பை அளப்பார்கள். காபன் தேவையே இல்லை. செத்தகாபன், பழைய மரம், உக்கிய விதை எதுவும் இங்கே கணக்கில் வராது. பளிங்குருப் பாறை உக்கிய வன்னி மண்ணில் குவாட்ஸுக்குப் பஞ்சமும் இல்லை. முன்மாதிரியும் அயலிலேயே உண்டு: அனுராதபுரத்தைச் சுற்றியுள்ள கைவிடப்பட்ட குளங்களை இந்த முறையால் வயது பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. இன்னும் பழைய கதையும் இருக்கிறது. இரணைமடுவின் பெயரையே தாங்கிய செம்மண்-சரளைப் படிவத்தைத் தென்கரையில் பூந்தலைப் பக்கம் வெப்ப ஒளிர்வால் (ஒளிக்குப் பதில் சூட்டால் தூண்டி) பார்த்தபோது பல்லாயிரம் ஆண்டு என்று வந்தது. காபன்-14 எட்டிப்பார்க்கவே முடியாத தூரம் அது.

இதற்கும் விலை உண்டு. ஓர் அளவீட்டின் பிழை சாதாரணமாக 5 முதல் 10 வீதம். 2000 ஆண்டுக்கு நூறு, இருநூறு ஆண்டு இப்படியோ அப்படியோ. மண்ணில் இருக்கும் நீர் கதிர்வீச்சைத் தடுப்பதால், நீர்ப்பங்கு ஒரு வீதம் பிழைத்தால் வயதும் ஏறக்குறைய ஒரு வீதம் பிழைக்கும். பாதி ஆண்டு நிறைந்து பாதி ஆண்டு காயும், அதுவும் நூற்றாண்டுக்கணக்கில் உடைந்து கிடந்த குளத்துக்குச் சராசரி ஈரத்தை எப்படிச் சொல்வது? கலங்கல் வெள்ளத்தில் வந்த மணல் வெயிலே காணாமல் படிந்திருந்தால் வயது கூடுதலாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரி வெளிச்சம் காணவே கூடாது. குழாயை வெயிலில் பிளந்து படம் எடுத்து, அழகாக விவரித்து எழுதியபின் ‘ஒளிர்வுக்கும் அனுப்பலாமே’ என்று யோசிப்பதில் பயனில்லை. கறுப்புக் குழாய், இருட்டறை, சிவப்பு விளக்கு. குளத்துக்குப் போகும் முன்பே இதை முடிவெடுக்கவேண்டும்.

நடுக்குளத்தைவிடக் கட்டின் அடியே இந்த முறைக்கு நல்ல இடம். குளக்கட்டுப் போட முன் அங்கே வெயில் பட்டுக் கிடந்த பழைய தரை, கட்டின் கீழ் புதைந்து அப்படியே இருக்கும். அந்தத் தரையின் மணல் ‘எப்போது கட்டப்பட்டது’ என்ற கேள்விக்கு ஏறக்குறைய நேரான பதில் தரும். கட்டுக்குள் கொட்டிய மண் ஆகாது. வெட்டிக் கொட்டும்போது அது வெயிலைச் சரியாகக் கண்டிருக்காது.

ஈயம்-210, சீசியம்-137 பற்றி ஒரு வரி போதும். கதிரியக்கமுள்ள இவற்றில் முதலாவது கடைசி 100, 150 ஆண்டுக்கும், மற்றது 1950களுக்குப் பிந்திய காலத்துக்கும் நல்லது, ஆனால் வண்டல் ஒழுங்காகப் படிந்திருக்க வேண்டும். தூர் வாரியதும் பெக்கோ இயந்திரம் இறங்கியதும் மாடு உழக்கியதும் நடந்த குளத்தில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

கேள்வியே சில முறைகளை விலக்கிவிடும் என்பதையும் பார்க்க வேண்டும். காபன்-14 ஆண்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைவு சில இடங்களில் தட்டையாகக் கிடக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரை அப்படி ஒரு தட்டை. அந்தக் காலத்து நெல் ஒன்று 2450 என்று அளவு காட்டினால், அது கி.மு. 750 ஆகவும் இருக்கலாம், 420 ஆகவும் இருக்கலாம். எவ்வளவு நல்ல கருவியானாலும் அதற்கு மேல் குறுக்க முடியாது. இலங்கையின் ஆதி இரும்புக்காலத்தின் பெரும்பகுதி விழுவது இந்தத் தட்டைக்குள்தான். ஒளிர்வு முறைக்குத் தட்டை இல்லை, பிழைதான் அகலம். ஆகவே கி.மு. ஆறாம் நூற்றாண்டா ஐந்தாம் நூற்றாண்டா என்று ஒற்றை அளவை வைத்து யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

இந்தப் பக்கமும் அதே கதை. கி.பி. 1650க்குப் பிந்திய முன்னூறு ஆண்டும் காபன்-14க்கு ஒரே சேறு. வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த 1803ஐச் சுற்றி ஒரு குளம் கைவிடப்பட்டதா என்று கேட்டால், ஓர் உமியைக் கொடுத்துப் பதில் வாங்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பழைய நில வரைபடங்களும் காணி உறுதிகளும்தான் துணை.

எனவே நாலைந்து அளவீட்டுக்கான பணம் என் கையில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். வவுனியாப் பக்கத்துக் குளம், அமிலத்துக்கு நுரைக்காத வண்டல் என்றால்: கட்டின் அடித்தரையில் ஒன்று, குளத்தடிச் செம்மண்ணுக்கு நேர் மேலே உள்ள மணல் கலந்த களியில் ஒன்று என்று இரண்டை ஒளிர்வுக்கு. மிச்சம் மூன்றையும் அதே அடியிலுள்ள படையின் சுள்ளிக்கரிக்கோ கருகிய நெல்லுக்கோ. ஒரே படையில் மூன்று. மூன்று வெவ்வேறு ஆழத்துக்குப் பரப்பினால் படம் அழகாக வரும்தான், ஆனால் ஒவ்வொன்றும் தனியே நின்று தன்னைச் சரிபார்க்க ஆளில்லாமல் போகும். கைவிட்ட காலம் இப்போதைக்குத் தெரியாமலே இருக்கட்டும், இரண்டு கேள்விக்கும் அரைகுறைப் பதிலைவிட ஒன்றுக்கு நல்ல பதில் மேல்.

முருங்கன், கட்டுக்கரைப் பக்கமென்றால் பிரிவு மாறும். நத்தையும் மொத்த மண்ணும் பட்டியலிலேயே இல்லை. அங்கே களி அதிகம், மணல் குறைவு, ஒளிர்வுக்கு ஏற்ற மணியளவு கிடைக்குமா என்று முதலில் அரித்துப் பார்க்கவேண்டும். வெடித்து மூடும் கருங்களி தன்னைத்தானே புரட்டும் மண் என்பதால், குளத்துக்குள் எந்தப் படையையும் நான் எளிதில் நம்பமாட்டேன். பணத்தின் பெரும்பகுதியைக் கட்டின் அடியில் போடுவேன்.

வயது வந்தபிறகு மாற்றும் வளைவையும் தெரிவு செய்யவேண்டும். வன்னி வட அரைக்கோளத்தில் இருக்கிறது, செடி தழைப்பதும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில். ஆகவே வட அரைக்கோளத்துக்கான 2020ஆம் ஆண்டு வளைவையே எடுப்பேன். தென் அரைக்கோள வளைவோடு உள்ள வித்தியாசம் சில பத்தாண்டுகள்தான், நம் குளத்துக்கு அது பெரிய தலையிடி இல்லை. ஆய்வுகூடம் தரும் அறிக்கையில் காபன்-13 திருத்தம் செய்யப்பட்டது என்று இருக்கும். அது தண்ணீர்ப் பிழையையும் நீக்கிவிட்டது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை, செடிகள் காபனை உறிஞ்சும் விதத்தில் உள்ள வேறுபாட்டை மட்டுமே அது சரிசெய்கிறது.

எதை அனுப்பினாலும் குழாயின் ஒரு பாதியைப் பிளக்காமல், கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி போட்டு, குளிரான இருட்டறையில் வைத்துவிடுங்கள். முதல் அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அடுத்த மாதிரியை அதிலிருந்துதான் எடுக்கவேண்டியிருக்கும்.